கடைசி வேன்காரர் முதலில் பேசட்டும்

1

முதலில் மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு மற்றதை எழுத எனக்குக் கூச்சம் இருக்காது.

ஐம்பதைத் தொடப்போகிற வயதில், முப்பது ஆட்களுக்கு முன்னால், தலையில் தங்க நிறக் காகிதக் கிரீடம் வைத்துக்கொண்டு, முழங்கால்களுக்கு நடுவில் ஒரு நீலப் பலூனை இடுக்கியபடி, கம்பெனியின் மீட்டிங் அறையில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் தத்தித் தத்திப் போனேன். பலூன் வெடிக்கவில்லை. கீழே விழவும் இல்லை. நான் ஜெயித்துவிட்டேன். கேவலம் அதுதான். தோற்றிருந்தால் பாதியிலேயே விட்டிருப்பார்கள். ஜெயித்ததால் வீடியோ எடுத்தார்கள்.

இதைவிடப் பெரிய முட்டாள்தனம் ஒன்றையும் இதே அறையில் செய்திருக்கிறேன். அதற்குப் பரிசாக ஒரு பிளாஸ்க் கொடுத்தார்கள். கம்பெனி முத்திரை போட்ட பிளாஸ்க். எட்டு வருஷமாக அதில்தான் டீ கொண்டுபோகிறேன். அந்தக் கதை பின்னால் வரும்.

2

நான் ஷார்ஜாவில் ஒரு பால், தயிர் கம்பெனியில் விற்பனை சூப்பர்வைசர். சொந்த ஊர் நயினார்கோவிலிலிருந்து உள்ளே ஐந்து மைல். ஊரில் இருக்கிறவர்கள் நான் ஏதோ கண்ணாடி மாளிகையில் உட்கார்ந்து வியாபாரம் பார்ப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கண்ணாடி உண்டு. அதற்கு அந்தப் பக்கம் இருப்பது தயிர்க் கிடங்கு.

இங்கே என் பெயர் மிஸ்டர் நாகசாமி. அது என்னைப் பெற்ற அய்யாவின் பெயர். பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுக்கும்போது குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. எங்கள் பக்கம் குடும்பத்துக்கென்று தனியாகப் பெயர் ஏது? காலியாக விட்டால் விசா வராது என்று ஏஜென்ட் பயமுறுத்தினார். அய்யாவைக் கட்டத்துக்குள் போட்டேன். அன்றிலிருந்து டார்கெட் குறைந்தால் திட்டு வாங்குவது, ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டைத் தாண்டிப் போயிராத என் அய்யா.

ஒருமுறை மாற்றிப் பார்க்கலாமென்று லீவு போட்டுவிட்டுப் போய் பாஸ்போர்ட் ஆபீஸ் வரிசையில் நின்றேன். உறுதிமொழிப் பத்திரம், பத்திரிகை விளம்பரம், நான்கு போட்டோ எல்லாம் கேட்டுவிட்டு, சன்னலில் இருந்தவர், “நாகசாமியும் நீங்களும் ஒரே ஆள்தானா?” என்றார்.

“அவரு செத்துப் பதினோரு வருசம் ஆச்சு சார். நான் இன்னும் வேலைக்குப் போய்க்கிட்டு இருக்கேன்” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. விண்ணப்பத்தில் சிவப்பு மையால் என்னமோ எழுதித் திருப்பிக் கொடுத்தார். நான் அய்யாவாகவே இருந்துவிட்டேன்.

என் வியாதி இதுதான். யார் என்ன கேட்டாலும், என்ன குறை சொல்ல வந்தாலும், கை தானாகப் போய் ஒரு ஜோக்கை எடுத்து நீட்டிவிடும். ஆபீசில் இதற்காகவே என்னைப் பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வேலை எப்படி என்றால், வேன்காரர்கள் விடியற்காலை மூன்றரைக்கு எழுந்து வருவார்கள். போன மாத விற்பனைப் பட்டியலில் யார் முதலாவதோ, அவர் வண்டியில் முதலில் சரக்கு ஏறும். பிறகு இரண்டாவது ஆள், மூன்றாவது ஆள் என்று போய், முப்பதாவது வண்டி கிளம்பும்போது வெயில் வந்திருக்கும். கடை கடையாகப் போய்ப் பால், தயிர், மோர் எல்லாம் போட்டுவிட்டு மத்தியானம் திரும்புவார்கள். சனிக்கிழமை மட்டும் திரும்பியவுடன் மூன்று மணிக்கு சேல்ஸ் மீட்டிங்.

மூன்றரை மணிக்கு எழுந்த மனிதனை, சோறு தின்ற பிறகு, ஏசி அறையில், விளக்கை அணைத்து உட்காரவைத்துத் திரையில் வரைபடம் காட்டினால் என்ன செய்வான்? தூங்குவான். கபீர் பாய் என்று ஒரு வங்காளதேசத்துக்காரர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவார். பேனாவைக் கூட ஆட்டுவார்.

ஒருநாள் பெரிய மேனேஜர் பார்த்துவிட்டார். “ஆட்களுக்கு மீட்டிங்கில் ஈடுபாடு இல்லை” என்றார். ஈடுபாட்டை உண்டாக்க ஒரு பயிற்சியாளரைக் கூப்பிட்டு வந்தார்கள். நல்ல மனிதர்தான். கோட்டுப் போட்டிருப்பார். அவர் பையில் பலூன், கிரீடம், விசில், வண்ணக் காகிதம் எல்லாம் இருக்கும். போனில் வினாடி வினா நடத்துவார். பக்கத்து ஆளின் முதுகைத் தட்டி “நீ ஒரு சிங்கம்” என்று சொல்லச் சொல்வார். நாற்பது கடை ஏறி இறங்கிய சிங்கங்கள் ஒன்றை ஒன்று தட்டிக்கொள்ளும்.

நான் இப்போதும் அடித்துச் சொல்வேன். மீட்டிங்கில் தூங்குவதும் ஒரு பதில்தான். நீ பேசுகிறதில் எனக்கு ஒன்றும் இல்லை என்று ஒரு மனிதன் மரியாதையாகச் சொல்லும் முறை அது. அந்தப் பதிலைக் கேட்காமல் பலூனை ஊதினார்கள். வெட்கமில்லாமல் அதை முதலில் வாங்கி இடுக்கிக்கொண்டவன் நான்.

3

வீடியோ கம்பெனியின் இணையப் பக்கத்தில் ஏறியது. அங்கிருந்து என் மகள் யாழினியின் பள்ளிக்கூடத்துக்கு எப்படிப் போனது என்று இன்றுவரை தெரியவில்லை.

யாழினிக்குப் பதினைந்து. தமிழில் பேசினால் புரியும். பதில் ஆங்கிலத்தில் வரும். கண்மாய் என்றால் ‘லேக்’ என்பாள். ஒருமுறை ஊருக்குக் கூட்டிப் போயிருந்தபோது வறண்டு கிடந்த கண்மாயைக் காட்டினேன். “தண்ணியே இல்லையே, அப்புறம் ஏன் இதுக்குப் பேரு?” என்றாள். பதில் தெரியாமல் ஜோக் அடித்தேன்.

வீடியோ வந்த அன்று அவள் நேராக வந்து என் முன்னால் போனை நீட்டினாள்.

“அப்பா, இது நீங்களா?”

“இல்லம்மா, நாகசாமி.”

“ஜோக் பண்ணாதீங்கப்பா. என் கிளாஸ்ல எல்லாரும் பாத்துட்டாங்க.”

மறுநாளிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு ஒரு தெரு முன்னாலேயே காரை நிறுத்தச் சொன்னாள். நிறுத்தினேன். அவள் பையை மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனாள். என் மனைவி வீட்டில் சொன்னாள்: “அந்தப் புள்ளைக்கு நீங்க ஆடுனதுல ஒண்ணும் கோவம் இல்ல. ஆடச் சொன்னா ஆடிருவீகளேன்னுதான்.”

அதற்கும் ஒரு ஜோக் வாயில் வந்தது. விழுங்கிவிட்டேன்.

4

சேசுராஜ் காரங்காட்டுப் பக்கத்துக்காரன். வயது முப்பத்திரண்டு. அலையாத்திக் காட்டில் டூரிஸ்ட்டுகளுக்குப் படகு ஓட்டிக்கொண்டிருந்தவன், வேன் ஓட்ட இங்கே வந்தான். மகள் இந்த வருஷம்தான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருக்கிறாள். ஊர்க்காரன் என்பதால் காலையில் சரக்கு ஏற்றும் இடத்தில் என்னைப் பார்த்தால் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பான்.

“அண்ணே, ஒரு விசயம் சொல்லணும்.”

“ஒண்ணு போதுமாடா? டஜனா எடுத்தா டிஸ்கவுண்டு உண்டு.”

சிரித்துவிட்டு வண்டியை எடுப்பான். கிட்டத்தட்ட தினமும் இது நடக்கும்.

அந்தச் சேசுராஜ் பட்டியலில் தொடர்ந்து இரண்டு மாதம் முப்பதாவதாக வந்தான். மூன்றாவது மாதமும் வந்தால் வேலை கிடையாது என்பது கம்பெனி விதி. மூன்றாவது மாதமும் வந்தான். வியாழக்கிழமை என் மேசைக்கு ஒரு தாள் வந்தது. ‘பணியில் ஈடுபாடு இல்லாததால் நீக்கப் பரிந்துரைக்கிறேன்’ என்று அடித்திருந்தது. கீழே நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் என் அய்யாவின் பெயர். சனிக்கிழமைக்குள் வேண்டும் என்றார்கள். வேலை போனால் விசா போகும். விசா போனால் கொஞ்ச நாளில் பெட்டியைக் கட்ட வேண்டும். இங்கே இருக்கிற எல்லோருக்கும் இது தெரியும்; யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

அதே சனிக்கிழமை நான் இந்தக் கம்பெனியில் சேர்ந்து இருபது வருஷம் முடிகிறது. கேக் வெட்டுவார்களாம். கிரீடமும் உண்டாம். பயிற்சியாளர் போன் செய்து, “மிஸ்டர் நாகசாமி, இந்த வாரம் விளையாட்டை நீங்களே நடத்துங்கள். ஆட்களைப் பேசவைக்கிற மாதிரி ஏதாவது” என்றார்.

அன்றைக்கு ஆபீசில் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குக் கூரிச்சாத்தன் சித்தப்பா ஞாபகம் வந்தார்.

எங்கள் ஊரில் கண்மாய்க் கூட்டம் என்று ஒன்று உண்டு. மழை பெய்து கண்மாய் பெருகினால், மடை திறப்பதற்கு முன்னாலும், திறந்த பிறகு வாரத்துக்கு ஒருமுறையும், மிச்சத் தண்ணீர் வழிகிற கலுங்கு பக்கம் கரையில் கூடுவார்கள். அதில் கடைமடைக்காரர்தான் முதலில் பேச வேண்டும். வாய்க்காலின் கடைசி வயல் யாருடையதோ, அவர். எங்கள் ஊரில் அது கூரிச்சாத்தன் சித்தப்பா. அவர் ‘வந்துச்சு’ அல்லது ‘வரல’ என்று சொல்லும்வரை மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. கடைசி வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்துவிட்டது என்றால் நடுவில் யாரையும் கேட்க வேண்டியதே இல்லை. சேரவில்லை என்றால், நடுவில் எவனோ வெட்டிவிட்டிருக்கிறான். அந்தக் கூட்டத்தில் ஒருவர் கொட்டாவி விட்டு நான் பார்த்ததில்லை. கடைமடை என்ன சொல்லப் போகிறது என்று நடுமடைக்காரர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பார்கள்.

எங்கள் வயல் தலைமடை, தண்ணீர் முதலில் பாய்கிற இடம். நான் அப்போது பி.காம். முடித்துவிட்டு வந்திருந்தேன். கையெழுத்து நன்றாக இருக்கிறதென்று கூட்ட நோட்டை என்னிடம் கொடுத்தார்கள். நோட்டோடு நின்றிருக்கலாம். ‘ஒழுங்குமுறை’ என்று தலைப்புப் போட்டு, தலைமடையிலிருந்து வரிசையாகப் பேச வேண்டும் என்று எழுதிவிட்டேன். படித்த பிள்ளை சொல்கிறான் என்று பெரியவர்களும் விட்டுவிட்டார்கள். தலைமடைக்காரர்கள், என் அய்யா உட்பட, தண்ணீர் அருமையாக வந்தது என்று விரிவாகப் பேசினார்கள். பேசி முடித்தவர்கள் மாடு கட்ட வேண்டும் என்று எழுந்து போனார்கள். இருட்டும் நேரத்துக்குக் கரையில் மிச்சம் இருந்தது நான், கூரிச்சாத்தன் சித்தப்பா, ஒரு நாய்.

“சித்தப்பா, இப்ப நீங்க பேசலாம்” என்றேன்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். “எழுதிக்க தம்பி. கடைமடை வந்துச்சு. கேக்க ஆளு இல்ல. போயிருச்சு.” அவர் சொன்னது தண்ணீரை அல்ல, தன்னை.

அந்த வருஷம் அவர் நெல் கதிர் விடாமலே காய்ந்தது. அடுத்த வருஷம் நோட்டை வேறு ஆளிடம் கொடுத்தார்கள். நான் துபாய்க்கு ஏஜென்ட் தேடத் தொடங்கினேன்.

5

சனிக்கிழமை கேக் வந்தது. கிரீடமும் வந்தது. கிரீடத்தை வாங்கி மேசையில் வைத்தேன்.

“போட்டுக்கொள்ளுங்கள்” என்றார் பெரிய மேனேஜர்.

“தலை பெருத்துப்போச்சு சார், சேரல” என்றேன். அன்றைக்கு நான் அடித்த கடைசி ஜோக் அது.

பிறகு பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு, இன்று கடைசி ஆளிலிருந்து பேசுவோம், முதலாவது ஆள் கடைசியில் பேசட்டும், அவர் பேசி முடிக்கும்வரை யாரும் எழுந்து போகக் கூடாது என்றேன். பயிற்சியாளருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. இது ஏதோ விளையாட்டு என்று நினைத்துப் பலகையில் ஓர் ஏணி வரைந்து தலைகீழாக அம்புக்குறி போட்டார்.

சேசுராஜ் எழுந்தான். முகத்தைப் பார்த்தேன், தாள் வந்திருக்கும் செய்தி அவனுக்கும் தெரிந்திருந்தது.

“அண்ணே, எனக்கு இந்தி கோர்வையா வராது.”

“தமிழ்ல சொல்லு. நான் மாத்திச் சொல்றேன்.”

என் இந்தியில் ஆண்பால் பெண்பால் கிடையாது. வேனும் மேனேஜரும் தயிரும் ஒரே இனம். ஆனாலும் அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

“எனக்கு லோடு கெடைக்கையில மணி ஏழாயிருது. மொத வண்டி நாலரைக்கே போயிருது. நான் கடைக்குப் போகையில வேற கம்பெனிக்காரன் வந்து பிரிஜ்ஜ நெறச்சுட்டுப் போயிருக்கான். ஓரத்துல கொஞ்சம் எடம் குடுங்க பாய்னு கெஞ்சி வச்சா, கடைக்காரரு டேட்டப் பாக்குறாரு. புது டேட்டு பூராம் மொதப் பத்து வண்டியோட போயிருச்சு. எனக்கு வாரது நாளைக்கழிச்சு முடியுற சரக்கு. கடைசில வாரவனுக்குக் கடைசிச் சரக்கு. கடைசிச் சரக்க விக்கிறவன் பட்டியல்லயும் கடைசி. பட்டியல்ல கடைசின்னா மறுமாசமும் கடைசி லோடு. நான் எங்கிட்டுக் கூடிண்ணே மேல ஏறுறது?”

மொழிபெயர்த்தேன். பாதியில் நிறுத்தி, பிளாஸ்க்கைத் திறந்து ஒரு வாய் டீ குடித்தேன். ஏன் என்று சொல்கிறேன்.

அடுத்து இருபத்தொன்பதாவது ஆள், கபீர் பாய். அவருக்குத் தூக்கமே வரவில்லை. அவர் இந்தியில் அதையே சொன்னார். கூடவே, வெயில் ஏறிய பிறகு லோடு ஏறுவதால் தயிர் டப்பா வீங்குகிறது என்று டப்பாவைக் கையால் வரைந்து காட்டினார். இருபத்தெட்டாவது ஆளும் அதேதான். இருபத்தேழாவது ஆள் எழுந்து, “அதேதான்” என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். முப்பது பேரும் விழித்துக்கொண்டிருந்தார்கள். பலூன் இல்லை, விசில் இல்லை. முதலாவது ஆள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரிய மேனேஜர் கேட்டார்: “பட்டியல்படி லோடு ஏற்றுவது என்று யார் முடிவு செய்தது?”

இதுதான் அந்த பிளாஸ்க் கதை. எட்டு வருஷத்துக்கு முன்னால் இதே அறையில், ஆட்களுக்கு உற்சாகம் வர யோசனை சொல்லுங்கள் என்று கேட்டார்கள். அதுவரை வந்த வரிசையில்தான் லோடு ஏற்றிக்கொண்டிருந்தோம். நன்றாக விற்கிறவனுக்கு முதலில் ஏற்றுங்கள், மற்றவன் ரோஷப்பட்டு ஓடுவான் என்று எழுந்து சொன்னவன் நான். கைதட்டினார்கள். பிளாஸ்க் கொடுத்தார்கள். ஒரு கூட்ட நோட்டைக் கெடுத்தது போதாதென்று கடல் தாண்டி வந்து அதையே செய்திருக்கிறேன். தலைமடைக்காரன் புத்தி எங்கே போனாலும் தலைமடையிலேயே நிற்கிறது.

“நான்தான்” என்றேன்.

“அது நல்ல யோசனைதான், மிஸ்டர் நாகசாமி. அதைப் பிறகு பார்ப்போம். அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா?”

“போடல.”

“இன்றைக்குள் வேண்டும்.”

“போட மாட்டேன் சார். ஈடுபாடு இல்லைன்னு எழுதியிருக்கு. மூணு மாசமா வீங்குன தயிரோட நாப்பது கடை ஏறியிருக்கான். அவனுக்கு இல்லைன்னா இந்த ரூம்ல யாருக்கும் இல்ல. நாளைலருந்து கடைசி வண்டிக்கு மொத லோடு ஏத்துங்க. ஒரு மாசம் பாப்போம். அப்பவும் யாரையாவது அனுப்பணும்னா, பட்டியலுக்கு அடியில என் பேர எழுதுங்க. யோசனை என்னது.”

இதை நான் ஆங்கிலமும் இந்தியுமாகக் கலந்துதான் சொன்னேன். யாழினியின் பள்ளிக்கூடமும் என் விசாவில்தான் தொங்குகிறது என்பது சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. திரும்ப வாங்கிக்கொள்ள மனசு வரவில்லை. பிளாஸ்க்கைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். உள்ளே டீ மிச்சம் இருந்தது. அதைக் குடித்துவிட்டுத்தான் வைத்தேன்.

அவர் என்னையும் பிளாஸ்க்கையும் மாறி மாறிப் பார்த்தார். “ஒரு மாதம்” என்றார். பிறகு, “உங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் வரும்” என்றார்.

வந்தது. இருபது வருஷத்தில் முதல் கடிதம். பெறுநர்: திரு. நாகசாமி. வாழ்நாளில் யாரையும் எதிர்த்துப் பேசாத என் அய்யாவுக்கு, மேலதிகாரியிடம் முரட்டுத்தனமாக நடந்துகொண்டதற்கான எச்சரிக்கை. மடித்துப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

6

வீட்டில் சொன்னேன். மனைவி சோறு போடுவதை நிறுத்திவிட்டு, “வேல போனா ஊருக்குப் போவோம். என்ன இப்ப?” என்றாள். யாழினி கடிதத்தை வாங்கி இரண்டுமுறை படித்தாள்.

“இதுக்கு வீடியோ இருக்காப்பா?”

“இல்லம்மா.”

“ச்சே” என்றாள். திங்கட்கிழமை நான் வழக்கம்போல ஒரு தெரு முன்னால் காரை நிறுத்தினேன். “கேட்டுக்கே போங்க” என்றாள், போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

ஒரு மாதம் ஆயிற்று. சேசுராஜ் முதலாவதாக வந்தான் என்று எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். வரவில்லை. பத்தொன்பதாவதாக வந்தான். அது போதும். அந்தத் தாள் என் இழுப்பறையில் கையெழுத்தில்லாமல் கிடக்கிறது. லோடு இப்போது கீழிருந்து மேலாக ஏறுகிறது. பழைய முதலாவது ஆள் ஐந்தாவது இடத்துக்கு இறங்கி என்னோடு பேசுவதில்லை. பேசாமல் இருக்கட்டும். சனிக்கிழமை கடைசி ஆள் முதலில் பேசுகிறார். பயிற்சியாளர் வருவதில்லை. கிரீடம் தயிர்க் கிடங்கில் ஒரு ஆணியில் தொங்குகிறது.

போன வாரம் காலையில் சேசுராஜின் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நான் போய் நின்றேன். எனக்குக் கொஞ்சம் பெருமைதான். ஒரு நன்றி வரும், வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

“என்னடா, கடைசில அந்த மீட்டிங்குலதான் உன் வாயத் தொறக்க வைக்க முடிஞ்சுச்சு?” என்றேன்.

அவன் சாவியைத் திருகி வண்டியைக் கிளப்பினான். முன்னால் பார்த்தபடியே சொன்னான்:

“ஆறு மாசமா இதத்தாண்ணே இதே கதவப் புடிச்சுக்கிட்டு உங்ககிட்ட சொல்ல வந்தேன். நீங்கதான் தெனமும் சிரிக்க வச்சே அனுப்பி விட்டீக.”